தரிசு என்கிற சொல்: 'இயற்கை சார்ந்த தீர்வுகளும்' செங்கல்பட்டின் நிலமும்

1

'இயற்கை சார்ந்த தீர்வுகள்' என்கிற தொடர் இன்று அரசு ஆவணங்களிலும் தொண்டு நிறுவனங்களின் துண்டறிக்கைகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. 2008 வாக்கில் உலக வங்கியின் வெளியீடுகளில் தலைகாட்டிய தொடர் இது. 2016இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. 2022 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை தன் பங்குக்கு இன்னொரு வரையறையை நிறைவேற்றியது. விஷயம் எளிமையானதுதான். கடலரிப்புக்குக் கருங்கல் சுவர் எழுப்புவதற்குப் பதிலாக மணல்மேட்டையும் அலையாத்திக் காட்டையும் காப்பது. வெள்ளத்துக்குக் கான்கிரீட் கால்வாய் வெட்டுவதற்குப் பதிலாக ஏரியையும் சதுப்பையும் மீட்பது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மரத்திலும் மண்ணிலும் சேற்றிலும் பிடித்து வைப்பது.

இதுல என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பு ஒன்றுமில்லை. சுவரை விட மணல்மேடு மேல் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் இந்தத் தொடரில் வருகிற இரண்டு சொற்களையுமே அப்படியே விழுங்கிவிட முடியாது. எது இயற்கை என்று யார் தீர்மானிக்கிறார்கள்? எது பிரச்சினை என்று தீர்மானித்தால்தானே எது தீர்வு என்று சொல்ல முடியும்? அது யாருடைய பிரச்சினை? எண்ணெய்க் கம்பெனிகள் எங்கோ ஓரிடத்தில் மரம் நட்டு, அந்தக் கணக்கைக் காட்டித் தம் புகையை நியாயப்படுத்துகிற காலம் இது. ஆகவே இந்தச் சொல்லாடலை ஒரு குறிப்பிட்ட நிலத்தில் வைத்து வாசித்துப் பார்ப்பது நல்லது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை உள்ள நிலம் அதற்குப் பொருத்தமானது. ஏரி, கழிவெளி, மணல்மேடு மூன்றும் சில மைல் தூரத்துக்குள் இங்கே இருக்கின்றன. இருநூறு ஆண்டுக் காகிதங்களும் இருக்கின்றன.

2

முதலில் மணல்மேடு. கடற்கரை மணல்மேட்டை ஒரு குவியலாகப் பார்ப்பது நகரத்துக் கண். அது ஓர் இயக்கம். காற்று கொண்டுவரும் மணலை அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் பிடித்து நிறுத்துகின்றன. புயல் நாளில் அலை மேட்டைக் கரைத்து மணலை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. அந்த மணல் கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் ஒரு திட்டாகப் படிந்து, பின்னால் வரும் அலைகளை அங்கேயே உடைக்கிறது. கடல் அமைதியான மாதங்களில் அதே மணல் திரும்பக் கரையேறுகிறது. மேடு கரைவதும் சேர்வதும்தான் அதன் பாதுகாப்பு முறை. மழைநீர் மேட்டுக்குள் இறங்கி உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால்தான் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் கை அளவு தோண்டினாலும் நல்ல தண்ணீர் ஊறுகிறது.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, மீட்புத் திட்டங்களின் பகுதியாக இந்தக் கடற்கரை நெடுக 'உயிர்க்கவசம்' என்ற பெயரில் சவுக்கு நடப்பட்டது. சவுக்கு இந்த மண்ணின் மரமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியின் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டுமென்று கிழக்குக் கடற்கரையில் பரப்பப்பட்ட மரம். விறகுக்கும் கட்டுமானக் கழிக்கும் அதனால் பிழைக்கிறவர்கள் பலர் உண்டு. நான் சவுக்குக்கு எதிரியல்ல. ஆனால் நெருக்கமாக நட்ட சவுக்குத் தோப்பின் கீழ் ஊசியிலைகள் மெத்தையாகப் படிகின்றன, அடம்பு முளைப்பதில்லை. நடவுக்காக மேடு சமன் செய்யப்பட்ட இடங்களில் மணலின் போக்குவரத்தே நின்றுபோகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு வெறும் மணல் வேண்டும். வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் மீனவர்களுக்கும் அதே வெறும் மணல்தான் வேண்டும்.

மரங்கள் சுனாமியைத் தடுத்தனவா என்ற விவாதம் 2005இலிருந்தே அறிவியல் இதழ்களில் நடந்தது. பரங்கிப்பேட்டைப் பகுதியை ஆராய்ந்தவர்கள் அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றார்கள். அதே தரவுகளை மறுபடி கணக்கிட்டவர்கள், அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் உயரமாகவும் இருந்ததே காரணம் என்று மறுத்தார்கள். மரம் சாதாரணப் புயலலையைத் தணிக்கும், பேரலைக்கு உத்தரவாதம் தராது என்கிற அளவில்தான் சொல்ல முடிகிறது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகேதான். அடுத்த புயல் வருமா என்பது இங்கே கேள்வியே இல்லை. அது வரும்போது கரைவதற்கு மணல் இருக்குமா என்பதுதான் கேள்வி.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் மேட்டைத் தட்டிச் சமமாக்கி எழுந்த பங்களாக்களையும் விடுதிகளையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1991இல் வந்த கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை கரையோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தியது. 2019இல் வந்த அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கடற்கரைகளில் கட்டுமானமற்ற பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. ஒரு கையால் மேட்டை விற்க வழிவிட்டு, மறுகையால் மரக்கன்று நடுகிறோம். நட்டதற்குப் பெயர் தீர்வு.

3

அடுத்தது ஏரி. செங்கல்பட்டு ஏரிகளின் ஜில்லா. ஒரு ஏரியின் உபரி நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. பெருமழையை ஒரே இடத்தில் தேக்காமல் படிப்படியாக வேகம் குறைத்து இறக்கும் இந்தச் சங்கிலி வெள்ளத்துக்கும் மருந்து, வறட்சிக்கும் மருந்து. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிற நிலத்துக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. பருவநிலை மாற்றம் மழையை இன்னும் குறைந்த நாட்களில் இன்னும் கடுமையாகக் கொட்டச் செய்யும் என்றால் இதன் தேவை கூடத்தான் செய்யும்.

வேடந்தாங்கலை இதற்கு உச்ச உதாரணமாகச் சொல்வார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது. அதனால் ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்தார்கள். சுடவந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மேல் அவர்கள் புகார் செய்ய, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு கொடுத்ததாக வரலாறு. 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. 'நம் முன்னோர்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று இங்கே ஒரு பெருமூச்சு விடுவது நம் வழக்கம்.

அந்தப் பெருமூச்சை இங்கே கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. அதே பிளேஸ் காலத்துக் கதை ஒன்று மதுராந்தகத்தில் உண்டு. கரை அடிக்கடி உடைந்த ஏரியை அவர் பழுது பார்த்தார். புயல் இரவில் கரை தாங்குமா என்று பார்க்கப் போனவருக்கு வில்லேந்திய ராமலட்சுமணர் காவல் நிற்கும் காட்சி தெரிந்ததாம். கோவிலுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். இந்தக் கதையை ஒரு பிரதியாக வாசித்தால் இதில் கடவுள் இருக்கிறார், கலெக்டர் இருக்கிறார். கரைக்கு மண் சுமந்தவர்கள் இல்லை. யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியான தம் நூலில் செங்கல்பட்டை எடுத்துக்கொண்டு காட்டுவது, 'பழைய கிராமம்' என்று நாம் நம்புகிற சித்திரமே காலனிய அதிகாரிகளும் உள்ளூர் மேல்தட்டினரும் பேசிப்பேசிக் கட்டியெழுப்பியது என்பதைத்தான். குடிமராமத்து பற்றி டேவிட் மாஸ் பின்னாளில் எழுதியதும் இதற்குப் பக்கத்தில் வரும். ஊரார் ஒற்றுமையாகக் கூடிச் செய்த வேலை என்பதன் பின்னால் மானியமும் இருந்தது, சாதியும் கட்டாயமும் இருந்தன.

நீர்க்கட்டிக்கு விளைச்சலில் பங்கு இருந்தது. மதகைத் திறக்கவும் மடை மாற்றவும் இரவில் காவல் இருக்கவும் அவர் வேண்டும். ஏரி என்பது நீரும் கரையும் மட்டுமல்ல, அவருடைய வேலையும் சேர்ந்ததுதான். பெரும்பாலும் தலித்துகள் செய்த வேலை அது. பாசனம் கிடைத்த வயலில் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் அரசால் மீண்டும் தொடங்கப்பட்டது. பெயரை மீட்டுக்கொண்டுவந்தவர்கள், வேலை செய்தவரின் பங்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை. வண்டல் எடுக்கக் காண்டிராக்டர் இருக்கிறார். வருஷம் முழுக்க மதகைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தில் ஆள் எத்தனை ஊரில் இருக்கிறார்?

4

இங்கேதான் 'தரிசு' என்கிற சொல்லுக்கு வர வேண்டியிருக்கிறது. மரம் நட நிலம் வேண்டும். எந்த நிலம்? வயலில் நட மாட்டார்கள், பங்களாத் தோட்டத்திலும் நட மாட்டார்கள். தரிசு, புறம்போக்கு, மேய்க்கால், கழிவெளி என்று பதிவேட்டில் எழுதப்பட்ட நிலத்தில்தான் நடுவார்கள். இந்தப் பெயர்கள் நிலத்தின் குணங்கள் அல்ல, வரிக் கணக்கின் பெயர்கள். வரி வராத நிலம் 'வெறும்' நிலமாகிவிடுகிறது. அங்கே ஆடு மேய்வதோ, இருளர்கள் கிழங்கும் எலியும் தேடுவதோ, கழியில் இறங்கிப் பெண்கள் கையால் தடவி இறால் பிடிப்பதோ பதிவேட்டின் கண்ணுக்குத் தெரியாது.

செங்கல்பட்டில் இந்தச் சொல்லுக்கு ரத்தக் கறையும் உண்டு. மிராசுதார்கள் தரிசின் மேல் தங்களுக்கே முதல் உரிமை என்று சொல்லி, தலித்துகள் மனு போட்டபோதெல்லாம் மறித்தார்கள். இந்த ஜில்லாவின் நிர்வாகத்தில் இருந்த டிரமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, குடியிருக்கும் மனை கூடச் சொந்தமில்லாத நிலைமையை அரசின் முன் வைத்தது. அதைத் தொடர்ந்து 1892இல் வந்தவைதான் பஞ்சமி நிலங்கள். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டு, பின்னர் ஏராளமாகக் கைமாறிப் போன நிலங்கள். அவற்றை மீட்கக் கோரிக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

பருவநிலை பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது இந்த மாவட்டத்தின் வண்டலூரில்தான். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்குவது அதன் இலக்கு. நல்ல இலக்கு. ஆனால் கூடுதலாக வேண்டிய அந்த ஒன்பது சொச்சம் சதவீதம் எந்தப் பதிவேட்டின் எந்தக் கலத்திலிருந்து எடுக்கப்படும்? பட்டா கேட்டு ஒரு நூற்றாண்டாக மனு போட்டுக்கொண்டிருப்பவர்களிடம் 'இங்கே மரம் வரப்போகிறது' என்று சொன்னால், அது இயற்கையின் பெயரால் நடக்கும் இன்னொரு மறிப்பாக ஆகாதா? மரத்துக்குக் கார்பன் விலை வைத்துவிட்டால் தரிசுக்கு முதன்முறையாகச் சந்தை மதிப்பு வரும். மதிப்பு வந்த நிலம் எளியவர் கையில் நிலைத்ததாக நம் வரலாற்றில் அதிகம் பார்த்ததில்லை.

5

இன்றைய சோதனைக்களம் கழிவெளி. தென்சென்னைப் புறநகர் ஏரிகளின் உபரி, பள்ளிக்கரணை சதுப்பையும் பக்கிங்காம் கால்வாயையும் தாண்டி முட்டுக்காட்டு முகத்துவாரம் வழியாகக் கடலில் சேர்கிறது. அதற்குத் தெற்கே திருப்போரூர்ப் பக்கம், பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவில், உப்பளங்களும் கழியுமாக விரிந்து கிடக்கிறது நிலம். மழைக்காலத்தில் நல்ல தண்ணீர், கோடையில் உப்பு. இந்த மாறிமாறி வரும் தன்மைதான் இறாலுக்கும் மீன் குஞ்சுக்கும் நாரைக்கும் வேண்டியது. இப்படிப்பட்ட உவர்ச்சேறு கரியை நூற்றாண்டுக் கணக்கில் பிடித்து வைக்கக்கூடியது என்று இப்போது அறிவியலும் சொல்கிறது.

2025-26 தமிழக பட்ஜெட்டில் கோவளம் அருகே இந்தப் பகுதியில் சுமார் 350 கோடி ரூபாயில், 1.6 டி.எம்.சி. கொள்ளளவுள்ள புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. வீணாகக் கடலுக்குப் போகும் வெள்ளத்தைப் பிடித்துக் குடிநீராக்குவோம் என்பது வாதம். 2019 கோடையில் சென்னை குடத்தோடு நின்றதை மறந்துவிட்டு இதைக் கேலி செய்வது நேர்மையாகாது. தாகம் உண்மையானது. ஆனால் 'வீணாக' என்ற சொல்லும் 'தரிசு' என்ற சொல்லும் ஒரே அகராதியிலிருந்து வருகின்றன. முகத்துவாரத்துக்குப் போகும் நல்ல தண்ணீர் மீனுக்கும் மீனவருக்கும் போகிறது. கரை கட்டி உப்பை வெளியே நிறுத்தினால் ஒரு சதுப்பு அழிந்து ஒரு குளம் உருவாகும். நீர்த்தேக்கமும் பார்வைக்கு நீலமாக, பறவைகளோடு இருக்கும். துண்டறிக்கையில் அதையும் இயற்கை என்றே போடலாம். தாகத்துக்கு வழி கேட்டால், மேலே இருக்கிற நூற்றுக்கணக்கான ஏரிகளின் வரத்துக்கால்களை முதலில் திறந்துவிடுங்கள் என்பதுதான் இந்த நிலம் சொல்லும் பதில்.

அப்படியென்றால் இந்தத் தீர்வுகளை ஒதுக்கிவிடுவதா? இல்லை. ஏரியும் மேடும் கழியும் இல்லாமல் இந்தக் கடற்கரைக்கு வருங்காலம் கிடையாது. ஒவ்வொரு திட்டத்தின் முன்னும் சில கேள்விகளை வைக்க வேண்டும் என்கிறேன். அந்த நிலத்தின் பெயர் பதிவேட்டில் என்ன, ஊர்க்காரர் வாயில் என்ன? இப்போது அங்கே யார் எந்த மாதத்தில் என்ன செய்கிறார்கள்? பட்டா கேட்டு மனு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? நட்ட பிறகு, தூர் வாரிய பிறகு, பார்த்துக்கொள்ளப்போவது யார், என்ன சம்பளத்தில்? காட்டில் வாழ்பவர்களுக்கு 2006இல் ஒரு வன உரிமைச் சட்டமாவது வந்தது. கடற்கரையின் பொது நிலத்துக்கு அப்படி ஒன்று இன்னும் இல்லை. மணல்மேட்டைக் காப்பதற்கான முதல் வேலை அந்தச் சட்டத்தைக் கேட்பதாகக் கூட இருக்கலாம்.

கடற்கரையோரக் குப்பம் ஒன்றில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் இதையெல்லாம் சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். வேலி போட்ட சவுக்குத் தோப்பைக் கையால் காட்டினார். "மரம் வைக்கட்டும் தம்பி, வேணாங்கல. வைக்கிறதுக்கு முன்னாடி இது யாரு எடம்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. திட்ட அறிக்கைகளிலும் இதுவரை பார்க்கவில்லை.