ஹரிசா

ஹரிசா என்பது துனீசிய அன்றாடச் சமையலில் பயன்படும் காரமான மிளகாய் விழுது ஆகும். இடித்தல் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. கோதுமையையும் இறைச்சியையும் குழைய வேகவைக்கும் அரபு உணவுக்கும் இதே பெயர் உண்டு, அது வேறு.

உலர்ந்த சிவப்பு மிளகாயின் காம்பையும் விதையையும் நீக்கி, ஊறவைத்து, பூண்டு, உப்பு, கொத்தமல்லி விதை, சீரகத்தை ஒத்த கேரவே விதை ஆகியவற்றுடன் அரைப்பர். சாடியில் அடைத்த விழுதின்மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவதால் காற்றுப் படாமல் நெடுநாள் இருக்கும். 2022 இல் யுனெசுக்கோ, துனீசியாவின் ஹரிசா மரபைப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கூஸ்கூஸ் உணவுக்கான குழம்பிலும், ஒஜ்ஜா எனப்படும் தக்காளி முட்டை உணவிலும் ஹரிசாவைத் தொடக்கத்திலேயே எண்ணெயில் வதக்குகின்றனர். இதற்குக் காரணம் உண்டு. மிளகாயின் காரத்துக்குரிய காப்சைசின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். சிவப்பு நிறமிகளும் அவ்வாறே. எனவே வதக்கிய பின் நீர் சேர்த்தால் காரமும் நிறமும் குழம்பெங்கும் பரவுகின்றன. பூண்டின் பச்சை வாடையும் அடங்குகிறது.

லப்லாபி இதற்கு விலக்குப் போலத் தோன்றும். பழைய ரொட்டித் துண்டுகள்மீது சூடான கொண்டைக்கடலைச் சாற்றை ஊற்றி, ஹரிசாவை இறுதியில் இடுவர். எனினும் கூடவே ஆலிவ் எண்ணெயும் ஊற்றப்படுகிறது.

காரம் மிகுந்தால் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ நன்கு தணிக்கும்.