கால் பெருவிரல் எந்தப் பக்கம் போகிறது?

நரம்பியல் மருத்துவர் உங்களைப் படுக்கவைத்து, சாவி முனை போன்ற ஒன்றால் உள்ளங்காலில் கோடு இழுத்திருக்கலாம். குதிகாலில் தொடங்கி, பாதத்தின் வெளி ஓரமாக ஏறி, பெருவிரலின் அடிப்பக்கமாக வளைந்து முடியும் கோடு. கூச்சம் தாங்காமல் காலை இழுத்துக்கொள்வோம். அவர் கண் பெருவிரலின் மேலேயே இருக்கும்: முதலில் அது கீழே மடங்குகிறதா, மேலே நிமிர்கிறதா?

கீழே மடங்கினால் நல்லது. பெருவிரல் மெல்ல மேலே நிமிர்ந்து, மற்ற விரல்கள் விசிறிபோல் விரிந்தால், மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் இயக்க நரம்புப் பாதையில் எங்கோ பழுது என்று பொருள். அதற்குப் பாபின்ஸ்கி குறி என்று பெயர்.

ஜோசப் பாபின்ஸ்கி, போலந்துக்காரப் பெற்றோருக்கு 1857-ல் பாரிஸில் பிறந்தவர். 1896-ல் அங்கே ஓர் அறிவியல் சங்கத்தில் இதை அறிவித்தார். அந்தக் கட்டுரை அச்சில் வெறும் சில வரிகளே. ஸ்கேன் என்ற ஒன்றே இல்லாத காலம். கை கால் விழுந்துவிட்டது என்று வருபவருக்கு நரம்பே பழுதா, மன அழுத்தம் உடலில் இப்படி வெளிப்படுகிறதா என்று பிரித்தறிய மருத்துவர்கள் திணறினார்கள். பெருவிரலின் இந்த அசைவு நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. நடித்துக் காட்டுவது கடினம். அதனால்தான் அந்தச் சில வரிகளுக்கு அவ்வளவு மதிப்பு.

கைக்குழந்தையின் உள்ளங்காலில் கோடு இழுத்தாலும் பெருவிரல் மேலேதான் போகும். பெற்றோர் பயப்பட வேண்டாம். அந்த நரம்புப் பாதையின் உறை முழுதாக வளர ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகும்; வளர்ந்தபின் விரல் தானாகவே கீழே மடங்கத் தொடங்கும். பக்கவாதத்தில் அந்தப் பாதை அறுபடும்போது, குழந்தைப் பருவத்தில் அடங்கிப்போன அதே அசைவு திரும்பி வருகிறது. மனித உடலைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை இதைவிட வியக்க வைத்தவை குறைவு.

'வலிக்கிறது', 'தலை சுற்றுகிறது' என்று நாம் சொல்வது ஒன்று. மருத்துவர் தொட்டும் தட்டியும் அழுத்தியும் தாமே கண்டுபிடிப்பது இன்னொன்று. கண்டவர் பெயரால் வழங்கும் குறிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

வயிற்றுவலியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். குடல்வால் வீங்கும்போது வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் தொடங்கும். காரணம், குடல்வாலின் நரம்புகளும் தொப்புள் பகுதித் தோலின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் போய்ச் சேருகின்றன; மூளைக்கு இடம் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. சில மணி நேரத்தில் வீக்கம் வயிற்றின் உட்சுவரைத் தொட்டதும் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிடும். தொப்புளிலிருந்து வலது இடுப்பெலும்பின் முன்முனைக்கு ஒரு கோடு போட்டு, எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரலை வைத்தால் வலி உச்சத்தில் இருக்கும். நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மக்பர்னி 1889-ல் குறித்த புள்ளி இது. இடப்பக்கம் அழுத்தும்போது வலப்பக்கம் வலித்தால் அது டென்மார்க் மருத்துவர் ரோவ்சிங்கின் பெயரால் வழங்கும் ரோவ்சிங் குறி.

ஆனால் குடல்வால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. பெருங்குடலுக்குப் பின்னால் மடிந்திருந்தால் முன்பக்கம் அழுத்தினாலும் அவ்வளவாக வலிக்காது. கர்ப்பிணிகளுக்குக் கருப்பை அதை மேலே தள்ளிவிடும்.

ஒரு குறி இருந்தால் அதற்குக் கனம் உண்டு. இல்லை என்பதற்கு அதே கனம் கிடையாது. இதற்கு மூளைக்காய்ச்சலே சான்று. மூளையைச் சுற்றிய உறை அழன்றால், படுத்திருப்பவரின் கழுத்தை முன்னால் வளைக்கும்போது முழங்கால்கள் தாமாகவே மடங்கும்: புருட்ஜின்ஸ்கி குறி. இடுப்பையும் முழங்காலையும் மடக்கிவைத்துப் பிறகு முழங்காலை நீட்ட முயன்றால் வலித்துத் தடுக்கும்: கெர்னிக் குறி. நூறாண்டுக்கும் மேலாகப் பாடநூல்களில் இருப்பவை. 2002-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோய் இருக்குமோ என்ற ஐயத்தில் வந்த 297 பெரியவர்களைச் சோதித்தது. நோய் உறுதியானவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேரிடமே இந்தக் குறிகள் தெரிந்தன.

ஆகவே வீட்டில் யாரும் இவற்றைச் செய்து பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். வயிற்றுவலி என்றால், அது எங்கே தொடங்கி எங்கே நகர்ந்தது, எத்தனை மணி நேரமாக இருக்கிறது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கடும் காய்ச்சலோடு தலைவலியும் வாந்தியும் குழப்பமும் சேர்ந்தால், கழுத்து நன்றாக வளைகிறதே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.