சிறுநீர்ப்பை உயிரணுக்களில் ஈ.கோலை ஊடுருவும் முறை: ஒசூர்த் தொழிற்பகுதியை முன்வைத்து

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள ஒசூர்த் தொழிற்பகுதியின் மின்னணு, ஆயத்த ஆடை ஆலைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். உற்பத்தி வரிசையை விட்டு நகர இயலாமல் சிறுநீரை அடக்க நேரிடின் உடலில் நிகழ்வது யாது என்பதை நோய்க்கிருமியின் செயல்முறை தெளிவாக்குகிறது.

சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாவது குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா ஆகும். பெண்களின் சிறுநீர்க்குழல் நீளம் குறைந்தது. ஆதலால் அது சிறுநீர்ப்பையை எளிதில் அடைகிறது. சுவரில் ஒட்டாத கிருமிகளைச் சிறுநீரோட்டம் வெளியேற்றிவிடும். ஒட்டுவதற்கென அதன் மேற்பரப்பில் நுண்ணிழைகள் உள்ளன. இழை நுனியிலுள்ள ஃபிம்எச் புரதம், சிறுநீர்ப்பை உட்சுவர் உயிரணுக்களின் யூரோபிளாக்கின் புரதத்தில் அமைந்த மேனோஸ் சர்க்கரையைப் பற்றுகிறது. நீரோட்டத்தின் இழுவிசை கூடும்போது இப்பிடி மேலும் இறுகுகிறது என்பது 2002இல் கண்டறியப்பட்டது.

பற்றிய கிருமியை உயிரணு தன் சவ்வால் சூழ்ந்து உள்வாங்குகிறது. உட்புகுந்தவை பெருகித் திரள்களாகின்றன. அங்கு அவற்றை நோய் எதிர்ப்பு உயிரணுக்களும் மருந்துகள் பலவும் எளிதில் எட்டுவதில்லை. முதலில் எலிகளில் காணப்பட்ட இத்திரள்கள், 2007இல் நோயுற்ற பெண்களின் சிறுநீரில் உதிர்ந்த உயிரணுக்களிலும் காணப்பட்டன. எலிகளில் சில கிருமிகள் உறங்குநிலையில் தங்கி மீண்டும் நோயை உண்டாக்குகின்றன. எனவே மீளும் தொற்றுக்குப் பெண்ணின் தூய்மைக் குறைவையே காரணமாக்குதல் பொருந்தாது.

கிருமி பற்றுமுன் அதனை வெளியேற்றும் சிறுநீரோட்டமே உடலின் முதல் அரண். பணியிடத்தில் இருக்கும் நேரமெல்லாம் தொழிலாளர் கழிப்பறையை அணுக இயலவேண்டும் என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19ஆம் பிரிவு விதித்தது. அதனை நோய்த்தடுப்பு விதியாகவும் கொள்ளுதல் தகும்.