அந்த வரியை அழிக்கலாமா?

கணிப்பொறியோடு ஓர் அச்சுப்பொறியை இணைக்கிறீர்கள். இரண்டுக்கும் இடையே பேச்சு நடத்தித் தருவது யார்? டிரைவர் என்னும் நிரல்தான். ஒவ்வொரு வகைக் கருவிக்கும் அதன் குணமறிந்த டிரைவர் வேண்டும். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் நிரல் தொகுப்பில் மிகப் பெரும் பகுதி டிரைவர்களே. அவற்றுள் பல, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை.

பழைய வீட்டைப் போலப் பழைய நிரலிலும் குப்பை சேரும். எங்கும் பயன்படாத மாறிகள், தாறுமாறான இடைவெளிகள், பொருள் விளங்காத பெயர்கள் எனப் பலவகை. இவற்றை ஒழுங்கு செய்வதே துப்புரவுப் பணி. இதனால் கருவியின் செயல் சற்றும் மாறக்கூடாது. ஆகவே ஒருவர் செய்த திருத்தத்தை மற்றவர்கள் சரிபார்க்கிறார்கள். இதில் என்ன கடினம் என்று கேட்கிறீர்களா? ஓர் உதாரணம் காண்போம்.

நான்கு விந்தை வரிகள்

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. கணிப்பொறியில் சீரியல் போர்ட் என்னும் இணைப்பு வாயிலை 8250 என்ற சில்லு இயக்கியது. அதன் வழிவந்த சில்லுகள் இன்றும் பயன்படுகின்றன. லினக்ஸில் இதற்கான டிரைவர், வாயிலைத் திறக்கும்போது சில்லின் நான்கு பதிவகங்களை வரிசையாகப் படிக்கிறது. ஆனால் படித்த மதிப்பை எதற்கும் பயன்படுத்துவதில்லை!

'வீண் வேலை' என்று அவ்வரிகளை அழித்துவிடத் தோன்றுகிறதல்லவா? அழித்தால் வாயில் ஊமையாகிவிடக் கூடும். ஏன்?

படிப்பதே துடைப்பது

கணிப்பொறியின் நினைவகம் கரும்பலகை போன்றது. எத்தனை முறை படித்தாலும் எழுத்து அப்படியே இருக்கும். இச்சில்லின் பதிவகங்களோ தபால் பெட்டி போன்றவை. கடிதத்தை எடுத்தால் பெட்டி காலி. 8250-இன் நிலைமைப் பதிவகத்தைப் படித்தவுடன் அதிலுள்ள பிழைக் குறிகள் மறைகின்றன. வரவுப் பதிவகத்தைப் படித்தால், காத்திருந்த எழுத்து அகற்றப்படுகிறது.

சில்லு தனக்குக் கவனிப்பு வேண்டும்போது 'இண்டரப்ட்' கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்தும். பழைய பி.சி.களில் அது தாழ்விலிருந்து உயரும் கணம் மட்டுமே அழைப்பாகக் கொள்ளப்பட்டது. பழைய செய்தி ஒன்று துடைக்கப்படாமல் நின்றால் கம்பி உயர்ந்தபடியே இருக்கும். அழுத்திய மணிப் பொத்தானை விடாமல் பிடித்திருந்தால் மீண்டும் எப்படி அழுத்துவது? புதிய அழைப்பு எழாது.

சரிபார்ப்பவரின் கேள்விகள்

முதற் கேள்வி: ஒரு திருத்தத்தில் ஒரு வகை மாற்றம்தான் உள்ளதா? நூறு இடைவெளித் திருத்தங்களுக்கு நடுவே ஒரு வரி காணாமற் போனால் கண்ணில் படாது.

இரண்டாவது: பெயரும் இடைவெளியும் மட்டும் மாறியிருந்தால், பழையதையும் புதியதையும் பொறிமொழிக்கு மாற்றி ஒப்பிடலாம். இரண்டின் கட்டளைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் காரணம் தேட வேண்டும்.

மூன்றாவது: உண்மைக் கருவியில் ஓட்டிப் பார்த்தீர்களா? பிழையின்றிப் பொறிமொழிக்கு மாறியது என்பது மட்டும் போதாது. அந்த நான்கு வரிகளை நீக்கினாலும் அது பிழையின்றி மாறும்!

கருவிக்கு எங்கே போவது என்பதுதான் சிக்கல். 2019-இல் லினக்ஸின் பிளாப்பி டிரைவரைக் கவனித்து வந்தவரிடம் இயங்கும் பிளாப்பி கருவி இல்லாமற் போயிற்று. அந்த டிரைவர் 'அநாதை' எனக் குறிக்கப்பட்டது. பின்னரே வேறொருவர் பொறுப்பேற்றார்.

கருவி கிடைக்காதபோது, முன்னோர் எழுதி வைத்த குறிப்பே கைகொடுக்கும். அந்த நான்கு வரிகளுக்கு மேலே, 'இண்டரப்ட் பதிவகங்களைத் துடைக்க' என்ற பொருளில் ஒரு சிறு குறிப்பு உண்டு. அதைப் படிப்பவர் அவ்வரிகளை அழிக்கமாட்டார். நீங்கள் நிரல் எழுதும்போதும், வீண்போலத் தோன்றும் வரி ஒன்று தேவைப்பட்டால், காரணத்தை அதன் தலைமேல் எழுதி வையுங்கள்.