சொகுசுக் கார்களின் எஞ்சின் அளவும் எரிபொருட் செலவும்

பொருளொன்றின் உருவளவைக் கொண்டே அதன் தன்மையைத் துணிந்துவிடுதல் மாந்தரிடத்து இயல்பாக அமைந்த வழக்கமாகும். மோட்டார்க் கார் வாங்குவோர் "எத்தனை சீ.சீ.?" என்று முதலில் வினவுவதும் இவ்வழக்கத்தின் பாற்பட்டதே. எஞ்சின் சிறிதாயிற் பெற்றோல் குறைவாகவும், பெரிதாயின் மிகுதியாகவும் செலவாகும் என்பது பலர் கொண்ட கருத்து. இக்கருத்து முற்றும் பிழையானதன்று. ஆயின் முற்றும் சரியானதுமன்று. சிறப்பாக, நிறையும் வலுவும் மிகுந்த சொகுசுக் கார்களைப் பொறுத்தவரையில், எஞ்சினின் அளவும் தெருவில் உண்மையாகச் செலவாகும் எரிபொருளும் எப்பொழுதும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்வதில்லை. அரசாங்கங்கள் வரி விதிப்பதும், உற்பத்தியாளர் விளம்பரஞ் செய்வதும், வாங்குவோர் பெரும்பொருள் கொடுப்பதும் இத்தகைய அளவுகளை நம்பியே ஆதலின், இவற்றிடையேயுள்ள உண்மைத் தொடர்பு யாதென ஆராய்தல் பயனுடைத்து.

எஞ்சின் அளவு என்பது அதன் வெளிப்பருமனன்று. சிலிண்டர் ஒன்றினுள்ளே முசலம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை செல்லும்போது கடக்கும் இடத்தின் கனவளவைக் கணித்து, அதனைச் சிலிண்டர்களின் தொகையாற் பெருக்க வருவதே எஞ்சினின் கொள்ளளவாகும். ஒரு சுற்றில் எவ்வளவு காற்றை உள்ளிழுக்க அது வல்லது என்பதையே இவ்வளவு காட்டும். எவ்வளவு எரிபொருளை உண்ணும் என்பதைக் காட்டாது. வீட்டிலுள்ள பானையின் கொள்ளளவு, அவ்வீட்டில் அன்றாடம் சமைக்கப்படும் அரிசியின் அளவாகாதது போலவே இதுவும் என்க.

இனி, ஒரு காரை ஓட்டுவதற்கு வேண்டிய வேலை எவ்வளவு என்பது நோக்கற்பாலது. 2 தொன் நிறையுள்ள ஒரு சொகுசுக் கார் சமதரையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் சீராகச் செல்கின்றதெனக் கொள்க. அதன் வடிவம் நன்கு அமைந்ததாயின், காற்றின் தடை ஏறத்தாழ 280 நியூற்றனும், சில்லுகளின் உருளற்றடை ஏறத்தாழ 200 நியூற்றனும் ஆகும். இவ்விரண்டையும் வென்று செல்வதற்கு வேண்டிய வலு ஏறத்தாழ 13 கிலோவாற்று, அஃதாவது 18 பரிவலு மாத்திரமே. 400, 500 பரிவலு என்று பெருமையாகக் கூறப்படும் எஞ்சின், நெடுஞ்சாலையிற் சீராகச் செல்லும்போது தன் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கையும் பயன்படுத்துவதில்லை.

100 கிலோமீற்றர் தூரத்துக்கு இவ்வாறு செய்யப்படும் வேலை 48 மெகாயூல் ஆகும். ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கியுள்ள சக்தி ஏறத்தாழ 32 மெகாயூல். எனவே, எரிபொருளின் வெப்பம் முழுவதும் வேலையாக மாறுமாயின் ஒன்றரை லீற்றர் போதுமானதாகும். ஆனால் வெப்பத்தில் நாலில் ஒரு பங்கே வேலையாக மாறும் நிலையில் 6 லீற்றர் செலவாகின்றது. எஞ்சிய பங்கு புகைப்போக்கியாலும் குளிர்நீர்த் தொட்டியாலும் உராய்வாலும் கழிந்துவிடுகின்றது. எரிபொருட் சிக்கனம் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இவ்வீண்செலவைப் பற்றிய ஆராய்ச்சியே எனலாம்.

பெரிய எஞ்சின் தீமை செய்வது இவ்விடத்திலேதான். பெற்றோல் எஞ்சினிற் சிறிதளவு வலு வேண்டப்படும்போது, உள்ளே செல்லும் காற்றின் வழி ஒரு மடலாற் பெரும்பாலும் அடைக்கப்படுகின்றது. அடைபட்ட வழியினூடாகக் காற்றை இழுப்பதற்கு முசலங்கள் அரைகுறை வெற்றிடத்துக்கு எதிராக உழைக்க வேண்டியிருக்கின்றது. அதனுடன், எட்டுச் சிலிண்டர்களின் சுவர்களிலும் தாங்கிகளிலும் நிகழும் உராய்வு, வலு வேண்டப்பட்டாலும் வேண்டப்படாவிட்டாலும் நிகழ்ந்துகொண்டேயிருக்கும். ஒரு குடம் நீர் சுமப்பதற்காக யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றது இது. மிகச் சிறந்த நிலையில் நூற்றுக்கு 35 வீதத்துக்கு மேற்பட்ட வினைத்திறனைக் காட்டவல்ல எஞ்சின், இத்தகைய சிறு சுமையின்கீழ் 20 வீதத்துக்குங் கீழே இறங்கிவிடுதல் உண்டு.

இக்குறையை நீக்குவதற்கு இரு வழிகள் கைக்கொள்ளப்பட்டன. ஒன்று, வேண்டாத வேளையிற் சில சிலிண்டர்களை உறங்க வைத்தல். அமெரிக்கக் கடிலாக் நிறுவனம் 1981 ஆம் ஆண்டில் எட்டு, ஆறு, நான்கு எனச் சிலிண்டர்களை மாற்றி இயக்கும் 6 லீற்றர் எஞ்சினை வெளியிட்டது. அக்காலத்து மின்னணுக் கட்டுப்பாடு அதற்கு ஈடுகொடுக்கும் நிலையில் இல்லாமையால் அம்முயற்சி விரைவிற் கைவிடப்பட்டது. பிற்காலத்தில் கணிப்பொறிகள் வளர்ந்தபின் அதே கருத்துப் பல நிறுவனங்களால் வெற்றியுடன் கையாளப்பட்டது. மற்றைய வழி, எஞ்சினையே சிறிதாக்கி, வெளியேறும் புகையின் விசையாற் சுழலும் டேர்போ என்னுங் கருவியைக் கொண்டு, வேண்டும்போது மிகுதியான காற்றை உள்ளே நெருக்குதல். சிறிய எஞ்சின் தன் ஆற்றலின் பெரும்பங்கைப் பயன்படுத்தி உழைப்பதால், மேலே கூறிய வீண்செலவு குறைகின்றது.

இரண்டாம் வழி எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு மேர்சிடிஸ் நிறுவனத்தின் ஏ.எம்.ஜி. சீ 63 என்னும் கார் தக்க சான்றாகும். 2007 இல் வெளிவந்த அக்காரில் 6208 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எட்டுச் சிலிண்டர் எஞ்சின் இருந்தது. 2014 இல் வந்த மாதிரியில் அது 3982 ஆகக் குறைந்து, இரு டேர்போக்களைப் பெற்றது. 2022 இல் அறிவிக்கப்பட்ட மாதிரியிலோ நான்கே சிலிண்டர்களும் 1991 கன சென்ரிமீற்றருமே எஞ்சின. துணைக்கு ஒரு மின்மோட்டாரும் பற்றரியும் சேர்க்கப்பட்டன. கொள்ளளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைய, மொத்த வலு 457 பரிவலுவிலிருந்து 680 ஆக உயர்ந்தது. காரின் நிறையோ பல நூறு கிலோகிராமாற் கூடி 2 தொன்னையுங் கடந்தது.

எஞ்சின் மூன்றில் ஒன்றாயின் எரிபொருட் செலவும் மூன்றில் ஒன்றாகுமோ எனின், ஆகாது. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, சிறிய எஞ்சினின் சிக்கனம் அதனை மெல்ல ஓட்டும்வரையுமே நிலைப்பது. வலு மிகுதியாக வேண்டப்படும்போது, நெருக்கப்பட்ட கலவை உரிய கணத்துக்கு முன்னரே தானாகத் தீப்பற்றும் குற்றம் நேரலாம். அதனைத் தடுக்க நெருக்கல் விகிதத்தைக் குறைக்கவும், பொறி எழும் நேரத்தைப் பின்தள்ளவும் வேண்டும். கடுஞ்சூட்டிலிருந்து டேர்போவைக் காத்தற்பொருட்டு, எரிதற்கு வேண்டியதினும் மிகுதியான பெற்றோலை உட்செலுத்திக் குளிர்வித்தலும் வழக்கம். அந்நிலையிற் சிறிய எஞ்சினின் சிக்கனம் மறைந்தொழிகின்றது. பெரிய எஞ்சின் இலகுவாகச் செய்யும் வேலையைச் சிறியது வருந்திச் செய்கின்றது.

இரண்டாவது காரணம், காரின் நிறையையும் வேகத்தையும் எஞ்சினின் கொள்ளளவு மாற்றமாட்டாது என்பது. 2 தொன் கார் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தை அடைந்து, சந்தியில் நிற்பாட்டப்படும் ஒவ்வொரு தடவையும், ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் பெற்றோலால் ஈட்டிய இயக்கசக்தி தடுப்புக்களில் வெப்பமாக வீணாகின்றது. மின்மோட்டாருள்ள கார்கள் இதில் ஒரு பங்கை மீட்கும். ஏனையவை முழுவதும் இழக்கும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் 130 ஆகும்போது காற்றின் தடை 280 நியூற்றனிலிருந்து 470 ஆக உயர்ந்து, மொத்த வேலை நூற்றுக்கு 40 வீதத்தாற் கூடுகின்றது. 2 லீற்றர் எஞ்சினாயினும் 6 லீற்றர் எஞ்சினாயினும் இவ்வேலை செய்யப்பட்டே தீரவேண்டும்.

அங்ஙனமாயின், சிறிய எஞ்சின்கள் அறிக்கைகளில் மட்டும் வியத்தகு சிக்கனத்தைக் காட்டியது எவ்வாறு? விடை சோதனை முறையில் உள்ளது. ஐரோப்பாவில் 2017 வரை புதிய கார் வகைகளுக்கு வழங்கிய சோதனை, கூடத்தினுள்ளே உருளைகளின்மேல் 1180 செக்கன் நடைபெற்றது. ஓடிய தூரம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீற்றர் அளவே. நகரப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தை அடைதற்கு 26 செக்கன் கொடுக்கப்பட்டது. நான்கு, ஐந்து செக்கனில் 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டுதற்கென விலைகொடுத்து வாங்கப்படும் காரை எவரும் அவ்வாறு ஓட்டார். டேர்போ விழிக்க வேண்டிய தேவையே அச்சோதனையில் அரிதாக எழுந்தது. மாணவன் வினாத்தாளை முன்னரே அறிந்து அதற்கு மட்டும் படிப்பது போல, எஞ்சின்கள் சோதனைக்கேற்ப ஆக்கப்பட்டன. இதன் பயனாக, 2001 இல் நூற்றுக்குப் பத்து வீதத்துக்குட்பட்டிருந்த சோதனைச் செலவுக்கும் தெருச் செலவுக்குமிடையிலான வேறுபாடு, 2015 அளவில் ஏறத்தாழ 40 வீதமாகப் பெருகியது.

2017 இல் இதனினும் கடுமையான புதிய சோதனை நடைமுறைக்கு வந்தது. அது 1800 செக்கன் நீடிப்பது. 23 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தையும் மணிக்கு 131 கிலோமீற்றர் வரையான வேகத்தையும் கொண்டது. எனினும் வேறுபாடு ஒழிந்தபாடில்லை. கார்களிலேயே பொருத்தப்பட்ட அளவைக் கருவிகள் திரட்டிய தகவல்களைக் கொண்டு ஐரோப்பிய ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021 இற் பதிவான பெற்றோல் கார்கள் சோதனையிற் கூறப்பட்டதினும் நூற்றுக்கு 23.7 வீதமும், டீசற் கார்கள் 18.1 வீதமும் கூடுதலாக எரித்தன. மின்னேற்றியிற் கொளுவத்தக்க கலப்பினக் கார்களோ கூறப்பட்டதைப்போல் மூன்றரை மடங்கு எரித்தன.

இக்கடைசி வகையே சொகுசுக் கார்களிடையே இன்று மிகுந்து காணப்படுவது. 2024 இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. எம் 5 என்னும் கார் 4.4 லீற்றர் எட்டுச் சிலிண்டர் எஞ்சினையும் ஏறத்தாழ 2.4 தொன் நிறையையும் உடையது. ஆயினும் 100 கிலோமீற்றருக்கு 2 லீற்றருக்குங் குறைந்த செலவே அதன் சோதனைக் கணக்கு. முன்னர்க் கூறிய கணக்கை நினைவு கூர்வோர்க்கு இதன் பொருள் எளிதிற் புலப்படும். 2 தொன் காருக்கே 48 மெகாயூல் வேண்டுமாயின், அதனினும் பாரமான காருக்கு 2 லீற்றர் பெற்றோலின் வெப்பத்தில் மிகப் பெரும்பங்கு வேலையாக மாறினாலன்றிப் போதாது. அவ்வாறு மாறுதல் எந்த எஞ்சினுக்கும் இயலாது. எஞ்சிய சக்தி வீட்டு மின்சாரத்திலிருந்து வந்ததெனக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றது. உரிமையாளர் நாள்தோறும் மின்னேற்றினால் அக்கணக்கு ஓரளவு மெய்யாகலாம். ஏற்றாவிடின் பற்றரி வெறுஞ் சுமையே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி இதற்கு முற்றும் பொருந்தும்.

எஞ்சின் அளவை நம்பிய வரிகளின் வரலாறும் இதே பாடத்தைப் புகட்டுகின்றது. பிரித்தானியா 1921 முதல் ஒரு பரிவலுவுக்கு ஒரு பவுண் என வரி விதித்தது. ஆனால் அப்பரிவலு சிலிண்டரின் விட்டத்தையும் தொகையையும் மாத்திரமே கொண்டு கணிக்கப்பட்டமையால், விட்டம் ஒடுங்கி நீளம் மிகுந்த எஞ்சின்கள் அந்நாட்டிற் பெருகின. இத்தாலியில் 2 லீற்றருக்கு மேற்பட்ட கார்களுக்கு விற்பனையின்போது கடும் வரி விதிக்கப்பட்ட காலத்தில், பெராரி நிறுவனம் 1975 இல் 1991 கன சென்ரிமீற்றர் எஞ்சினொன்றை ஆக்கியது. அதில் எட்டுச் சிலிண்டர்களும் அப்படியே இருந்தன! உராய்வு குறையவில்லை, வரியே குறைந்தது. இதற்கு மாறாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1978 இல் நிறைவேறிய சட்டம், 1980 ஆம் மாதிரியாண்டு முதல், அளக்கப்பட்ட எரிபொருட் செலவையே அடிப்படையாகக் கொண்டு வரி விதித்தது. இது அறிவுடைய முறையாயினும், பார வண்டி இனத்திற் சேர்க்கப்பட்ட பெருஞ் சொகுசு வாகனங்கள் அதற்குத் தப்பின. இலங்கையிலும் இறக்குமதியாகும் பெற்றோல் கார்களின் உற்பத்தி வரியைக் கன சென்ரிமீற்றர் ஒன்றுக்கு இத்தனை ரூபா எனக் கணிக்கும் முறை உண்டு. கொள்ளளவு எளிதில் அளக்கத்தக்கது, ஏமாற்ற இயலாதது என்பது இம்முறையின் சிறப்பு. அது சிக்கனத்தை அளப்பதன்று என்பது இதன் குறை.

சிக்கனத்தைக் கூறும் முறையிலும் ஒரு மயக்கம் உண்டு. லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் எனக் கூறுவதே இலங்கை வழக்கு. லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடிய சிறு கார் 25 ஓடுமாயின் ஐந்து கிலோமீற்றர் இலாபமென்றும், 6 ஓடிய பெருங் கார் 8 ஓடுமாயின் இரண்டே இலாபமென்றும் தோன்றும். ஆனால் 100 கிலோமீற்றருக்குக் கணக்கிட்டால், முன்னையது மிச்சப்படுத்துவது 1 லீற்றர். பின்னையது மிச்சப்படுத்துவது 4 லீற்றருக்கு மேல். ஆதலால், மிகுதியாக உண்ணும் கார்களின் கணக்குப் பிழைபடுதலே நாட்டுக்கு மிகுந்த நட்டம் விளைப்பது. ஒவ்வொரு லீற்றர் பெற்றோலும் எரிந்து 2.3 கிலோகிராம் அளவான காபனீரொட்சைட்டை வளியிற் சேர்ப்பதும் இங்கே கருதத்தக்கது. 2022 ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டுக் காலத்தில் இலங்கையிற் கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் எனப் பங்கிடப்பட்டபோது, லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடிய கார் 320 கிலோமீற்றரும், 8 ஓடிய கார் 160 கிலோமீற்றருமே சென்றிருக்கும். அவ்வேளையில் விளம்பரத்தாளிலிருந்த எண் எவர்க்கும் துணை செய்யவில்லை.

இதுகாறும் கூறியவற்றால், எரிபொருட் செலவை உறுதிசெய்வன காரின் நிறை, வடிவம், வேகம், ஓட்டுவோனின் இயல்பு, எஞ்சின் தன் ஆற்றலில் எப்பங்கைப் பயன்படுத்தி உழைக்கின்றது என்பன என்பதும், கொள்ளளவு இவற்றுள் இறுதியானதன் ஒரு கூறு மாத்திரமே என்பதும் பெறப்படும். கார் வாங்குவோன் எஞ்சினின் அளவைக் கேட்குமுன் காரின் நிறையைக் கேட்பானாக. சோதனைக் கூடத்தின் எண்ணை நோக்குமுன், தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பித் தானே கணக்கிடுவானாக. நாலாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க அவ்வகுத்தற் கணக்கு, பேரறிக்கைகள் மறைப்பதை வெளிப்படுத்திவிடும்.