இசை, வலி, தேர்வு: சில குறிப்புகள்

நண்பரின் மகள் அமெரிக்காவில் மருத்துவம் படிக்கிறாள். இசை வலியை எப்படித் தணிக்கிறது என்பது பற்றிய குறுங்கால ஆய்வுப் பயிற்சி ஒன்றில் கோடை விடுமுறையில் சேரப்போவதாக அவள் எழுதியபோது நண்பருக்குச் சிரிப்பு. ‘பாட்டுக் கேட்டா வலி மறந்துபோகும்னு எங்க ஆத்தாவுக்கே தெரியுமே, இதுக்குப் பயிற்சி வேறயா’ என்றார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஆத்தாவுக்குத் தெரிந்ததை ஆய்வுக்கூடம் எந்த வழியில் தெரிந்துகொள்கிறது, அந்த வழியில் எதைக் கழித்துவிடுகிறது என்பதல்லவா கேள்வி? நான் மருத்துவன் இல்லை, தமிழ் எம்.ஏ. படித்தவன். ஆனால் வலி பாதிக்குமேல் மொழிப் பிரச்சினை என்பதால் இதில் தலையிட எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

ஆய்வுக்குப் புதியவர்களான மாணவர்களுக்கு இரண்டு மூன்று மாதப் பயிற்சி அளிக்க அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் நிதி தரும் ஏற்பாடு பல்லாண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. அங்கே இசை ஆய்வுப் பொருளாக மேலேறியதற்குக் கலையார்வம் மட்டும் காரணமல்ல. ஓபியாய்டு வலிமாத்திரைகள் ஒரு தலைமுறையையே அடிமையாக்கி ஏராளமானோரைக் கொன்றபின் மாத்திரை அல்லாத வழிகளைத் தேடவேண்டிய நெருக்கடி வந்தது. இசைக்கும் உடல்நலத்துக்குமான உறவை ஆராய 2017இல் கென்னடி கலை மையத்துடன் ஒரு திட்டம், 2018இல் ஓபியாய்டு நெருக்கடிக்கெனப் பெரும் நிதியோடு இன்னொன்று. பாட்டு ‘இடையீடு’ ஆயிற்று. எத்தனை நிமிடம், நாளைக்கு எத்தனை முறை என்று அதற்கு ‘அளவு’ குறித்தார்கள்.

பயிற்சிக்கு வருகிறவர் முதலில் பழகவேண்டியது அளப்பதை. ஐஸ் தண்ணீரில் கையை விடச்சொல்லி எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்று பார்ப்பது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வது. இந்தப் பத்துக்குள் எது எதெல்லாம் அடங்குகிறது பாருங்கள். குத்துகிறது, கடுக்கிறது, குடைகிறது, பிசைகிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு வலி, உடம்புக்குள் நடக்கும் வேறு வேறு செயல். தச்சனின் உளியும் மாவு பிசையும் கையும் இந்தச் சொற்களுக்குள் இருக்கின்றன. ‘ஏழு’ என்ற எண்ணில் எதுவுமில்லை. ரொனால்ட் மெல்சாக் 1975இல் இதை உணர்ந்துதான் மக்கில் பல்கலைக்கழகத்தின் பெயரிலான வினாத்தாளில் 78 சொற்களை 20 குழுக்களாக அடுக்கினார். வலி மொழியையே அழித்துவிடுகிறது என்று எலைன் ஸ்கேரி 1985இல் எழுதியது முழுக்கச் சரியல்ல என்றே எனக்குப் படுகிறது. பொறுமையாகக் கேட்க ஆள் இருந்தால் வலி நிறையவே பேசுகிறது.

அடுத்த சிக்கல் ஒப்பீடு. மாத்திரைக்குப் போலி மாத்திரை உண்டு. பாட்டுக்குப் போலிப் பாட்டு எது? காதில் பாட்டு ஓடுகிறதா இல்லையா என்பதைக் கேட்பவரிடமிருந்து மறைக்க வழியில்லை. இங்கேதான் ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. 1950களின் கடைசியில் மாசச்சூசெட்ஸில் கார்ட்னர் என்ற பல் மருத்துவரும் லிக்லைடர் என்ற ஒலி உளவியலாளரும் (பிற்காலத்தில் கணினி வலைப்பின்னலுக்கு வித்திட்டவர்களில் ஒருவர் இவர்) நோயாளியின் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு சிறு பெட்டியையும் கொடுத்தார்கள். சாதாரண நேரத்தில் இசை. துளைகருவி பல்லைத் தொட்டு வலி கிளம்பினால் நோயாளியே திருகைத் திருப்பி அருவி விழுவது போன்ற இரைச்சலைக் கூட்டிக்கொள்ளலாம். பலருக்கு மயக்க மருந்தே வேண்டியிருக்கவில்லை என்று 1960இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். கருவி விற்பனைக்கும் வந்தது. ஆனால் போன இடமெல்லாம் பலிக்கவில்லை. பிறகு வழக்கொழிந்தது.

ஏன் பலிக்கவில்லை என்று பார்த்தவர் அதே மெல்சாக். 1963இல் வெளியான சோதனையில் அவரும் உடனிருந்தவர்களும் ஐஸ் தண்ணீரில் கைவிட்டவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு இசையும் இரைச்சலும், கூடவே ‘இது வலியைக் குறைக்கும்’ என்ற அழுத்தமான பேச்சும். இரண்டாம் குழுவுக்கு அதே ஒலி, பேச்சு இல்லை. மூன்றாம் குழுவுக்குப் பேச்சு உண்டு, ஒலிக்குப் பதில் சும்மா ஒரு தாழ்ந்த முனகல். முதல் குழுதான் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் நேரம் தாங்கியது. ஒலி மட்டும் போதவில்லை, சொல் மட்டும் போதவில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பயிற்சியின் முதல் நாளிலேயே இந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுத்துவிடவேண்டும். இசை என்ற ஒன்று கேட்பவரின் நம்பிக்கைக்கு வெளியே தனியாக நின்று வேலை செய்யும் என்ற எண்ணம் இங்கேயே உடைந்துவிடுகிறது.

இரண்டு வருடத்தில், 1965இல், மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் ‘கதவு’க் கோட்பாட்டை வெளியிட்டார்கள். காயத்திலிருந்து புறப்படும் சேதி தந்தி மாதிரி நேராக மூளைக்குப் போவதில்லை, தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறக்கவும் மூடவும் மேலிருந்து மூளையும் ஆணையிடுகிறது. கவனம், ஞாபகம், எதிர்பார்ப்பு எல்லாம் அந்த ஆணையில் கலந்திருக்கின்றன. நுணுக்கங்கள் பின்னால் நிறையத் திருத்தப்பட்டன. ஆனாலும் உடல் வேறு மனம் வேறு என்ற பழைய பிரிவினை வலியின் விஷயத்தில் இதன்பின் நிலைக்கவில்லை.

சமீபத்தியக் கணக்கு என்ன சொல்கிறது? 2015இல் ‘லான்செட்’டில் 73 சோதனைகளை, ஏறக்குறைய 7000 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான வலி, பதற்றம், வலிமருந்துத் தேவை மூன்றையும் இசை குறைத்தது. பாட்டை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பது முடிவைப் பெரிதாக மாற்றவில்லை என்றும் சொன்னார்கள். என் வாதத்துக்கு இது இடைஞ்சல்தான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் இத்தகைய சோதனைகள் பலவற்றில் ‘தேர்வு’ என்றால் ஆய்வாளர் தயாரித்த பட்டியலில் ஒன்றைத் தொட்டுக்காட்டுவது என்பதையும் கவனிக்கவேண்டும். 2022இல் வெளியான வேறொரு ஆய்வு நேராகவே இதைச் சோதித்தது. வலியிலிருந்த 286 பேருக்கு இதற்கென்றே அமைத்த இசை கேட்கக் கொடுக்கப்பட்டது. இசையைத் தாங்களே தேர்ந்தெடுத்ததான உணர்வு ஊட்டப்பட்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. தேர்வு என்ற தோற்றமே போதுமானதாக இருந்திருக்கிறது. இது மகிழ்ச்சியான முடிவா? எனக்குப் பயமாக இருக்கிறது. தோற்றமே போதும் என்றால், நாளை ஒரு நிர்வாகம் தோற்றத்தோடு நிறுத்திக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?

இதன் மறுபக்கமும் ஆவணமாகியிருக்கிறது. 2001க்குப் பின் குவாண்டனாமோ முதலான அமெரிக்கத் தடுப்பு முகாம்களில் கைதிகளின் காதில் உரத்த பாட்டை மணிக்கணக்காக அலறவிட்டார்கள். இசையியலாளர் சுசன் கியூசிக் இதுபற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதே அமெரிக்கா, அதே உரத்த ஒலி. பல் மருத்துவரின் நாற்காலியில் திருகு நோயாளி கையில் இருந்தது, முகாமில் காவலன் கையில்.

இந்த இடத்தில் நம்மவர்கள் எழுந்து ‘எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று புறநானூற்றை எடுத்துக்கொண்டு வருவார்கள். 281ஆம் பாட்டு, அரிசில்கிழார் பாடியது. புண்பட்டுக் கிடக்கும் வீரனின் வீட்டில் வேப்பிலையும் இரவ இலையும் செருகி, யாழ் முதலான பல இசைக் கருவிகள் ஒலிக்க, ஐயவி தூவி, ஆம்பல் ஊதி, மணியடித்து, காஞ்சி பாடி, நறும்புகை காட்டிக் காக்கலாம் வா என்று ஒருத்தி தோழியை அழைக்கிறாள். இதை வலி மருத்துவம் என்று சொல்லிவிட முடியாது, அது பேயை விலக்கும் காவல். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அங்கே பாடுகிறவர்கள் அவனை அறிந்தவர்கள். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் விழித்திருக்கப் போகிறவர்கள். ஒலியை மட்டும் பதிவு செய்து காதில் மாட்டிவிட்டால் அந்த விழித்திருத்தல் எங்கே போயிற்று என்று எந்த அளவுகோலில் பார்ப்பது?

இசைச் சோதனைகளை எப்படி அறிக்கையாக எழுதவேண்டும் என்று 2011இல் வெளியான நெறிமுறைகள், பாட்டை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் குறிக்கச் சொல்கின்றன. நண்பரின் மகளுக்கு இதை எழுதினேன். அதோடு என் சொந்த அனுபவம் ஒன்றையும்.

ஏழெட்டு வருடத்துக்கு முன் குடலிறக்க அறுவைக்காக ஒரு மருத்துவமனையில் நாலு நாள் கிடந்தேன். விடிகாலை ஐந்து மணிக்குச் சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் தொடங்கிவிடும். பக்கத்துக் கட்டிலில் எண்பதை நெருங்கிய ஒரு பெரியவர், காலில் ஆறாத புண். கட்டு மாற்றும்போதெல்லாம் உதட்டுக்குள் ஏதோ முனகுவார். மூன்றாம் நாள்தான் புரிந்தது, இளவயதில் ஏற்றம் இறைத்தபோது பாடிய பாட்டு, சால் எண்ணிக்கையோடு போவது. அன்று காலை கட்டைப் பிரிக்கும்போது ஒலிபெருக்கி உச்சத்தில் இருந்தது. ‘தம்பி, அத செத்த நிறுத்தச் சொல்லுப்பா, கணக்கு தப்பிப்போவுது’ என்றார். நான் கேட்டேன். ‘அதுக்கு ஸ்விட்ச் ஆபீஸ் ரூம்ல இருக்கு சார், எங்க கையில இல்ல’ என்றார் அந்த சிஸ்டர். பெரியவர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.