கொரோனா நுழைந்த கதவு!

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது.

சென்னை பெசன்ட் நகரை அடுத்த கடற்கரையில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். மீனவர் குடியிருப்பு. கடல் அங்கேயே இருந்தது. ஆனால் முதல் வாரங்களில் கடலுக்குப் போகத் தடை. மீன் விற்கவும் வழி இல்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி இவ்வளவும் செய்தது. அது மனித உடலுக்குள் எந்த வழியாக நுழைந்தது?

அந்த வழியின் பெயர் 'ஏஸ்-2'.

உடலுக்குள் கத்தரிக்கோல்

ஏஸ்-2 என்பது ஒரு என்சைம். உடலில் நடக்கும் ரசாயன வேலைகளை விரைவாக முடித்துக் கொடுக்கும் புரதப் பொருளுக்கு என்சைம் என்று பெயர். சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறது அல்லவா? எச்சிலில் உள்ள என்சைம்தான் காரணம்.

நுரையீரல், இருதயம், சிறுநீரகம், குடல் ஆகியவற்றின் செல்கள் மீது ஏஸ்-2 இருக்கிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தக் கொதிப்பை ஏற்றும் பொருள் ஒன்று உடலில் உண்டு. அது 8 மணிகள் கோத்த மாலை போன்றது. ஏஸ்-2 அதன் கடைசி மணியை வெட்டிவிடும். உடனே அதன் குணம் மாறிவிடும்.

நன்மை செய்யும் இந்தப் பொருளை 2000-ம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சார்ஸ் கிருமி இதைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைகிறது என்பது 2003-ல் தெரிந்தது. புதிய கொரோனாக் கிருமியின் முள்ளும் இதிலேதான் ஒட்டுகிறது என்று 2020-ல் தெரிந்தது.

செய்வது எப்படி?

கதவை அடைக்க வேண்டுமானால் கதவைப் பற்றி ஆராய வேண்டும். அதற்கு நிறைய ஏஸ்-2 வேண்டும். அவ்வளவையும் மனித உடலிலிருந்து எடுக்க முடியுமா? முடியாது.

ஆகவே ஏஸ்-2 செய்யும் குறிப்பு அடங்கிய ஜீனை, ஆராய்ச்சிக் கூடத்தில் வளரும் மனித செல்களுக்குள் செலுத்துகிறார்கள். செல்கள் ஏஸ்-2-ஐச் செய்து, தாங்கள் வளரும் திரவத்தில் விடுகின்றன. அதைச் சுத்தம் செய்து, சிறு குப்பிகளில் அடைத்துக் கடுங்குளிரில் வைக்கிறார்கள்.

நீரிழிவுக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் இதே யுக்தியில் பிறந்ததுதான். அதைப் பாக்டீரியாவில் செய்தார்கள். 1982-ல் அதற்கு அனுமதி கிடைத்தது.

96 குழிகள்

பல்லாங்குழிக்கு 14 குழி. இந்தச் சோதனைத் தட்டிலோ 96 சிறு குழிகள்! அவற்றில் ஏஸ்-2-ஐப் பூசுகிறார்கள். கிருமியின் முள்ளை மட்டும், தடுப்பூசி போட்டவரின் ரத்த நீருடன் கலந்து ஊற்றுகிறார்கள். பிறகு கழுவிவிட்டு, நிறம் காட்டும் பொருளைச் சேர்க்கிறார்கள்.

முள் ஒட்டியிருந்தால் நிறம் ஏறும். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருந்தால் முள் ஒட்டாது, நிறம் குறையும். உயிருள்ள கிருமி தேவையில்லை. ஆகவே சோதனை செய்பவருக்கு நோய் தொற்றும் பயமும் இல்லை.

மாத்திரையை நிறுத்தலாமா?

குப்பியின் மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். அது நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து அல்ல.

சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் உடலில் ஏஸ்-2-ஐ அதிகமாக்குமோ, கொரோனா எளிதில் புகுந்துவிடுமோ என்று 2020-ல் பலர் பயந்தார்கள். பிரேசில் நாட்டில் 659 நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாத்திரையை நிறுத்தியதால் ஒரு நன்மையும் இல்லை என்று 2021-ல் முடிவு வந்தது.

ஆகவே பயத்தில் மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும்!